சான்றிதழும் செர்ரிப் பழமும்

புதுவாயல்
30-01-2025

சம்பந்தி சின்னதுரை அவர்களுக்கு,

வணக்கம். நாம் இருவரும் பேசுவதில்லை என்றுதான் முடிவு செய்தோம். எழுதுவதில்லை என்று முடிவு செய்யவில்லை. ஆகவே இந்தக் கடிதம் நம் சண்டையின் எந்த விதியையும் மீறவில்லை என்பதை முதலிலேயே குறித்துக்கொள்கிறேன். மாப்பிள்ளை அன்பு வேலை முடிந்து இந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். எனக்கு ஒரு வாரமாக அடிவயிற்றில் வலப்பக்கம் வலி. என் மனைவி ஹெலன் இதை மகள் ஏஞ்சலினிடம் போனில் சொல்லியிருக்கிறாள். ஏஞ்சலின் மருமகளாக இருப்பது உங்கள் வீட்டில். அதனால் எளாவூர் முழுக்க இப்போது ஒரே பேச்சாம்: "பேரனுக்கு ஞானஸ்நானம்னு போட்ட பிரியாணிய துன்னுட்டு சம்பந்திக்கு வயிறு பேஜாரு ஆயிடுச்சி."

இந்த வாக்கியத்தில் வயிறு மட்டும் உண்மை. நான் பிரியாணி தின்னவில்லை. உங்கள் வீட்டில் நான் எதையும் தின்பதில்லை. ஏன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் பதிவுக்காக எழுதுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் பிள்ளைகளின் கல்யாணத்தில், முதல் பந்தியில், இலை போட்டு உப்பும் ஊறுகாயும் வைத்த பிறகு, உங்கள் அண்ணன் மகன் என்னிடம் வந்து, "பெருசு, இது மாப்ள ஊட்டுக்காரங்க பந்தி, செத்த எழுந்துக்கோ" என்றார். பெண்ணைப் பெற்றவன் எழுந்துகொண்டேன். இனி உங்கள் வீட்டில் கை நனைப்பதில்லை என்று அங்கேயே, பங்குத்தந்தையின் முன்னால் சொன்னேன். அதன் பிறகு எட்டு முறை வந்திருக்கிறேன். எட்டு முறையும் தண்ணீர்ப் பாட்டிலைப் புதுவாயலிலிருந்து கொண்டுவந்தேன். ஜனவரி 12 அன்று பேரனை மடியில் வைத்திருந்தேன், மோதிரம் போட்டேன், மூன்று மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், புறப்பட்டேன். அவ்வளவுதான்.

கம்பி ஆலையில் இருபத்தாறு ஆண்டுகளாகத் தரப் பரிசோதகனாக இருக்கிறேன். குறைபாடு எந்த எந்திரத்தில் வந்தது என்று தெரியாமல் எந்த எந்திரத்தின் மீதும் பழி போடக்கூடாது. ஆகவே உங்கள் பிரியாணி குற்றமற்றது என்று நானே அறிவிக்கிறேன். அதைத் தின்றேன் என்பதை நீங்கள் மறுக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் ஆரோக்கியமேரி அம்மாள் எனக்காக மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுவதாகக் கேள்விப்பட்டேன். நன்றி. ஆனால் பார்ப்பவர்களுக்கு அது ஒப்புதல் வாக்குமூலம் போலத் தெரிகிறது.

இப்படிக்கு,
ம. ஜெரால்ட்


எளாவூர்
01-02-2025

சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தை அன்பு கொடுத்தான். கடையில் இரண்டு லாரி காத்திருந்ததால் உடனே எழுத முடியவில்லை.

அன்று என் வீட்டில் நானூறு பேர் சாப்பிட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என் சித்தப்பாவுக்கு மட்டும் வயிற்றால் போனது. அவருக்கு அது போன வருஷத்திலிருந்தே போகிறது. நீங்கள் சாப்பிடவில்லை என்பது ஊருக்கே தெரியும். நானூறு பேர் சாப்பிட்டதை யாரும் பேசவில்லை, நீங்கள் ஒருவர் சாப்பிடாததைத்தான் இன்றுவரை பேசுகிறார்கள். எனக்கு அதில் என்ன பெருமை என்று நினைக்கிறீர்கள்?

மெழுகுவர்த்தியை நிறுத்தச் சொன்னேன். என் மனைவி கேட்கவில்லை. "அவுரு துன்னாட்டி இன்னா, வலி வலிதானே" என்கிறாள்.

நான் பத்தாவது வரை படித்தவன். பஞ்சர் ஒட்டுகிறவன். ஆனால் ஒன்று சொல்கிறேன். செக்போஸ்ட் பக்கம் ஒரு நாளைக்கு முப்பது டயர் பார்க்கிறேன். காற்று இறங்கிய வண்டியைக் கொண்டுவருகிற டிரைவரிடம் எங்கே ஆணி ஏறியது என்று கேட்டால், எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: "ஆணியே ஏறல." ஏறியது நெல்லூரில் இருக்கும். நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி, காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, என் கடை வாசலில் வந்து படுக்கும். அதனால் நான் டிரைவரைக் கேட்பதில்லை. டயரைத்தான் கேட்கிறேன்.

உங்கள் டாக்டரும் அப்படிக் கேட்பார் என்று நம்புகிறேன். நல்ல டாக்டராகப் பாருங்கள்.

சின்னதுரை


திருவள்ளூர், மருத்துவமனை
07-02-2025

சம்பந்தி அவர்களுக்கு,

நல்ல டாக்டராகப் பார்க்கச் சொன்னீர்கள். நால்வரைப் பார்த்துவிட்டேன். நால்வரும் நல்லவர்கள். நோய்தான் நான்காகிவிட்டது.

முதலாமவர் வாயு என்றார். இரண்டாமவர் சிறுநீரகக் கல் என்று ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேனில் கல் இல்லை. குடலில் வாயு நிறைய இருப்பதால் மற்றது எதுவும் சரியாகத் தெரியவில்லை என்று அறிக்கை வந்தது. முதலாமவரிடம் திரும்பப் போனேன். தான் சொன்னது சரி என்று அவர் மகிழ்ந்தார். காய்ச்சலும் சேர்ந்துகொண்டதால் மூன்றாமவர் டைபாய்டு என்றார். அவருடைய மாத்திரையில் காய்ச்சல் இரண்டு நாள் இறங்கி, என்னைப் போலவே சொன்ன சொல் காப்பாற்றும் குணத்தோடு மூன்றாம் நாள் ஏறியது. பிறகுதான் இங்கே சேர்ந்தேன். இங்கே இருப்பவர் டாக்டர் சுமலதா. அறுவை சிகிச்சை நிபுணர். வயிற்றில் கை வைத்துப் பார்த்ததும் குடல்வால் என்றார். 1998-லேயே அதை எடுத்துவிட்டார்கள் என்று தழும்பைக் காட்டினேன். அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்கே வருத்தமாக இருந்தது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். அதில் என் இடுப்பெலும்பு நன்றாக இருக்கிறது.

இந்த அம்மையார் விடாப்பிடியானவர். தினமும் காலையில் வந்து ஒரே கேள்வி: "நல்லா யோசிச்சு சொல்லுங்க சார். மீன் முள்ளு, கோழி எலும்பு, குண்டூசி, கட்டுன பல்லு, எதுனா உள்ள போச்சா?" பழவேற்காட்டு மீனை முள்ளோடு வாயில் போட்டு, முள்ளை மட்டும் வரிசையாக வெளியே எடுத்து வைக்கிற ஆளிடம் கேட்கிற கேள்வியா இது? இல்லை என்றேன். அடுத்தது, "ஒரு மாசத்துக்குள்ள விசேஷம், விருந்து எதுனா?" போனேன், சாப்பிடவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. பேரன் ஞானஸ்நானத்தில் சாப்பிடாமல் வருகிற தாத்தா உண்டா என்று சிரிக்கிறார். ஹெலன் பக்கத்தில் நின்றுகொண்டு மேலே மின்விசிறியைப் பார்க்கிறாள்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அன்று உங்கள் வீட்டில் நான் எதையும் உட்கொள்ளவில்லை என்று, வீட்டுக்காரர் என்ற முறையில், கையெழுத்திட்டு ஒரு சான்றிதழ் தர வேண்டும். கேஸ் ஷீட்டில் இணைத்துவிட்டால் இந்தக் கேள்வி தீரும். நம் இருவருக்கும் எதில் ஒற்றுமை இல்லாவிட்டாலும் இந்த ஒரு விஷயத்தில் உண்டு.

ம. ஜெரால்ட்


எளாவூர்
09-02-2025

சம்பந்திக்கு,

நீங்கள் கேட்ட சான்றிதழ் கீழே இருக்கிறது. இப்படி ஒன்றை எவனாவது எழுதியிருப்பானா என்று தெரியவில்லை. மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு நான்காவதில் எழுதுகிறேன்.

"எளாவூரில் டயர் கடை வைத்திருக்கும் சின்னதுரை ஆகிய நான், என் பேரனின் ஞானஸ்நான விருந்துக்கு வந்திருந்த என் சம்பந்தி ஜெரால்ட், என் வீட்டில் சோறோ கறியோ தண்ணீரோ எதுவுமே தொடவில்லை என்று உறுதி கூறுகிறேன். நானே நேரில் போய்க் கேட்டேன். பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார்."

கடைசி வரி உங்களுக்கு வேண்டாம் என்றால் அடித்துக்கொள்ளுங்கள். எனக்கு அடிக்க மனம் வரவில்லை.

அன்று உங்களுக்காக ஒரு சிறு ஏற்பாடு செய்திருந்தேன். வீணாகிவிட்டது. அதை இப்போது சொல்லி என்ன?

வலி எப்படி இருக்கிறது என்று ஏஞ்சலினிடம் கேட்டால், "அப்பா நல்லா இருக்கேன்னு சொல்றாரு மாமா" என்கிறது. சொல்லும்போது அழுகிறது. எதை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

சின்னதுரை


திருவள்ளூர், மருத்துவமனை
13-02-2025

சம்பந்தி அவர்களுக்கு,

சான்றிதழ் கிடைத்தது. டாக்டர் சுமலதா இரண்டு முறை படித்தார். இப்படி ஒரு ஆவணம் தன் அனுபவத்தில் முதல் முறை என்றார். பிறகு கேஸ் ஷீட்டில் கோத்துவிட்டு, சாப்பாடு சம்பந்தமான சந்தேகத்தை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டார். நம் பக்கம் வெற்றி.

வெற்றிக்குப் பிறகு நிலைமை மோசமாகிவிட்டது. நேற்று பெரிய ஸ்கேன் எடுத்தார்கள், வளையத்துக்குள் படுக்க வைத்து எடுப்பது. சிறுகுடலும் பெருங்குடலும் சேருகிற இடத்தில் குடல் தடித்திருக்கிறதாம். சுற்றிலும் வீக்கமாம். பக்கத்தில் எலுமிச்சங்காய் அளவுக்குச் சீழ் கட்டியிருக்கிறதாம். எதனால் என்று தெரியவில்லை. குடலில் காசநோயாக இருக்கலாம். ஆறு மாதம் மாத்திரை. குடல் தானாகப் புண்ணாகிற ஏதோ ஒரு நோயாக இருக்கலாம். அதற்குப் பெயர் ஒரு வெள்ளைக்காரருடையது. மூன்றாவதையும் சொன்னார். சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார். ஹெலன் வெளியே போய்விட்டாள்.

நாளை மறுநாள் வயிற்றைத் திறந்து, அந்தப் பகுதியையே ஒரு ஜாண் அளவுக்கு வெட்டி எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறார்கள். வெட்டி எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினால் என்ன நோய் என்று தெரியுமாம். ஆலையில் நாங்களும் இப்படித்தான், சந்தேகம் வந்தால் கம்பியில் ஒரு முழம் வெட்டிச் சோதிப்போம். கம்பிக்கு வலிக்காது.

எனக்கு ஐம்பத்தாறு வயது. ஓய்வு பெற இரண்டு ஆண்டு இருக்கிறது. பேரனுக்குப் பல் முளைத்துவிட்டது என்று ஏஞ்சலின் போட்டோ அனுப்பியிருந்தாள். பெரிதாக்கிப் பார்த்தேன், பல் தெரியவில்லை. தெரிகிறது என்று பதில் அனுப்பினேன்.

எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். வலது கையில் ஊசி குத்தியிருக்கிறார்கள்.

ஒரு விஷயம் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாகத் தோன்றுகிறது. வலிக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க முடியாது. இத்தனை சின்ன விஷயத்துக்கு ஒரு சான்றிதழைப் பொய்யாக்குவது சரியும் இல்லை. வேண்டாம், விடுங்கள்.

ஜெரால்ட்


எளாவூர்
14-02-2025, காலை பத்து மணி

யோவ் சம்பந்தி,

நான் கொடுத்த சான்றிதழை ரத்து செய்கிறேன். நீர் ஒரு பொய்யர்.

ஞானஸ்நான வீடியோவும் போட்டோவும் நேற்றுத்தான் ஸ்டுடியோவிலிருந்து வந்தது. குடும்பமாக உட்கார்ந்து பார்த்தோம். ஒரு போட்டோவில் யாரோ பாப்பாவைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், பந்தல் காலுக்குப் பக்கத்தில், உம்முடைய நாற்காலி. நீர் இப்படியும் அப்படியும் பார்த்துக்கொண்டு நிற்கிறீர். கையில் என் வீட்டு ஸ்வீட் பீடா. அடுத்த போட்டோவில் அது கையில் இல்லை. கன்னம் உப்பியிருக்கிறது.

நான் கத்திய கத்தலில் பாப்பா எழுந்துவிட்டது. கோபம் என்று நினைத்திருப்பீர். கோபமே இல்லை. ஏன் என்று சொல்கிறேன். கை நனைக்காமல் வாயில் போடக்கூடிய பண்டம் உலகத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். சம்பந்தியம்மாவிடம் என் மனைவி பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். நீர் ஸ்வீட் பீடாவுக்கு மயங்குவீர் என்று தெரிந்தது. செக்போஸ்ட் பீடாக்காரரைக் கூப்பிட்டு, மேலே செர்ரிப் பழம் வைத்து, குச்சி குத்தி, உம்முடைய நாற்காலிக்கு எட்டுகிற தூரத்தில் தட்டை வைக்கச் சொன்னது நான்தான். நீர் எடுத்தீரா என்று பார்க்கத்தான் வந்தேன். நீர் பச்சத்தண்ணி கூடத் தொடல என்றீர். நான் போய்ச் சமையல்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

கல்யாணப் பந்தியில் உங்களை எழுப்பியபோது நான் அங்கே இல்லை. தெரிந்ததும் வந்திருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. சண்டை போட்டுப் பழக்கம் இருந்தது. அதைச் செய்தேன்.

அது இருக்கட்டும். இனி எழுதுவதுதான் முக்கியம். வீடியோவில் நான் உங்களை நோக்கி வருவதும் இருக்கிறது. பதினோரு முறை ஓட்டிப் பார்த்தேன். பீடா மேலே குச்சித் தலை நீட்டிக்கொண்டிருக்கிறது. என்னைப் பார்த்ததும் நீங்கள் அதை அப்படியே முழுசாக வாயில் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பி வணக்கம் சொல்கிறீர்கள். விரல்கள் நீட்டியிருக்கின்றன, இடையில் குச்சி இல்லை. நான் ஏதோ கேட்கிறேன். நீங்கள் கண்ணை மூடி, பாம்பு எலியை விழுங்குகிற மாதிரி விழுங்குகிறீர்கள். பிறகு பதில் சொல்கிறீர்கள். வாயிலிருந்து எதையும் எடுக்கவில்லை. கீழே துப்பவும் இல்லை.

குச்சி எங்கே?

நான் ஆணி தேடிப் பிழைக்கிறவன் சம்பந்தி. எனக்கு இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. இந்தக் கடிதத்தையும் போட்டோவையும் போனில் ஏற்றிய வீடியோவையும் அன்பு கையில் கொடுத்து இப்போதே அனுப்புகிறேன். வேலைக்கு லீவு போடச் சொல்லிவிட்டேன். முதலில் டாக்டரம்மா கையில் கொடு, மாமனாரிடம் கொடுத்தால் கிழித்துப் போடுவார் என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் மானம் போனால் போகட்டும். ஏசுவதாக இருந்தால் பிழைத்து வந்து ஏசுங்கள்.

சின்னதுரை


திருவள்ளூர், மருத்துவமனை
24-02-2025

அன்புள்ள சம்பந்திக்கு,

அன்பு உங்கள் சொல்லைத் தட்டவில்லை. என் கட்டிலைத் தாண்டிப் போய், டாக்டர் சுமலதாவிடம் போட்டோவை நீட்டினார். அவர் போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார். "சார், அந்தக் குச்சிய இன்னா பண்ணீங்க?" என்று கேட்டார். உண்மையைச் சொல்கிறேன், அந்த நொடி வரை எனக்குக் குச்சி நினைவிலேயே இல்லை. பீடாவை மறைப்பதில்தான் முப்பத்து மூன்று நாளாக மும்முரமாக இருந்தேன். பீடாவுக்குள் குச்சி மறைந்துகொண்டது. டாக்டர் முள், எலும்பு, ஊசி என்று கேட்டபோதெல்லாம் மனமறிந்து பொய் சொல்லவில்லை. விருந்து என்றபோதுதான் சொன்னேன். அதுவும் பொய்யா என்று எனக்குள் ஒரு விவாதம் நடந்துகொண்டிருந்தது. பீடா உணவா, இல்லையா? கை நனையவில்லையே?

நீங்கள் அன்று கேட்டது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "இன்னா சம்பந்தி, எதுனா எடுத்துக்கினீங்களா?" வாயில் பீடா. பதில் சொல்ல வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் தெரிந்துவிடும். சாப்பிடவில்லை என்று சொல்வதற்காகத்தான் விழுங்கினேன், சம்பந்தி. தொண்டையில் ஏதோ கீறியது. வைராக்கியம் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் ஸ்கேன் படங்களைத் திரும்ப எடுத்து, படம் பார்க்கிற டாக்டரையும் கூப்பிட்டு, இருவரும் அரை மணி நேரம் உட்கார்ந்தார்கள். வீங்கிய இடத்தின் நடுவில் மெல்லிய ஒரு கோடு. முதலில் பார்த்தபோது குடலின் மடிப்பு என்று விட்டுவிட்டார்களாம். தேடுவது இன்னதென்று தெரிந்த பிறகு அது கோடாகவே இருந்ததாம். மரம் எக்ஸ்ரேயில் தெரியாது என்று அப்போதுதான் சொன்னார்கள். மறுநாள் ஆபரேஷன். குச்சி குடலைத் துளைத்துக்கொண்டு பாதி வெளியே நின்றிருக்கிறது. அதை எடுத்து, சீழைக் கழுவி, ஓட்டையைத் தைத்துவிட்டார்கள். ஒரு ஜாண் குடலை வெட்டவில்லை. காசநோய் இல்லை, குரலைத் தாழ்த்திச் சொன்னதும் இல்லை. நீங்கள் டயரில் செய்வதைத்தான் செய்திருக்கிறார்கள் என்று ஹெலனிடம் சொன்னேன். சிரித்தால் தையல் வலிக்கிறது.

கண் விழித்ததும் டாக்டர் ஒரு சின்னப் புட்டியைக் காட்டினார். உள்ளே உங்கள் வீட்டுக் குச்சி, கறுத்துப் போய். அவர் சொன்னது: "நிறைய பேருக்கு முழுங்குனதே தெரியாது சார். அது பரவால்ல. முழுங்கலன்னு சர்ட்டிபிகேட் வாங்கிக்கினு வந்தது நீங்க ஒர்த்தர்தான்." இரண்டு சான்றிதழ்களையும், அதாவது நீங்கள் தந்ததையும் ரத்து செய்ததையும், கேஸ் ஷீட்டில் அடுத்தடுத்து கோத்து வைத்திருக்கிறார். பயிற்சி டாக்டர்களுக்குப் படித்துக் காட்டுகிறார். உங்கள் பெயரைச் சொல்லும்போது அவர்கள் மரியாதையாகத் தலையசைக்கிறார்கள். என் பெயருக்கு அப்படி இல்லை.

பந்தி விஷயமாக நீங்கள் எழுதியதை நான்கு முறை படித்தேன். நானும் அன்று எழுந்துகொள்ளாமல் உட்கார்ந்திருக்கலாம். "பொண்ணோட அப்பன் நான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்தப் பையன் காலில் விழுந்திருப்பான். எழுந்துகொள்வதில்தான் எனக்கு மரியாதை இருப்பதாகத் தோன்றியது.

இன்று காலை வாயால் சாப்பிட அனுமதி வந்தது. கஞ்சி மட்டும். பதினொரு மணிக்கு ஆரோக்கியமேரி அம்மாள் பிளாஸ்கோடு வந்தார். எளாவூரிலிருந்து மூன்று பஸ் மாறியிருக்கிறார். யார் வீட்டுக் கஞ்சி என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஹெலன் டம்ளரில் ஊற்றி, கரண்டியால் ஊட்டினாள். ஆறு கரண்டி. கரண்டி என்பதால் சபதத்துக்குப் பழுதில்லை என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். எதிரே உங்கள் வீட்டம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு, நான் விழுங்குகிறேனா என்று தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று பந்தலில் நீங்களும் அப்படித்தான் பார்த்திருப்பீர்கள்.

டம்ளரை இப்படிக் கொடு என்று வாங்கினேன். அடியில் கொஞ்சம் சோறு ஒட்டியிருந்தது. விரலால் வழித்துச் சாப்பிட்டேன்.

கை நனைந்திருக்கிறது, துண்டு எட்டாத தூரத்தில் இருக்கிறது. கடிதம் இங்கிருந்து கீழே சில இடங்களில் மை கலைந்திருக்கும். படிக்க முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து கேளுங்கள், சொல்கிறேன்.

ஜெரால்ட்